மச்சம் இல்லாத கதாநாயகி

பதிப்பகத்திலிருந்து புது நாவலின் காகிதக் கட்டு வந்தது. வழக்கம்போல நான் கையை நீட்டினேன். என் கணவர் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை நானே படிச்சுக்கறேன்."

"ஏன், எனக்குப் பேச்சு நின்னு போச்சா?"

"அதில்லம்மா. உனக்குக் கடையில வேலை ஜாஸ்தி. எதுக்கு உனக்குச் சிரமம்?"

பதினோரு வருஷமாக இல்லாத சிரமம் அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அவர் நாவல்களுக்கு அட்டைப்படம் வரைகிறவர். ஆனால் நாவல் படிக்கமாட்டார். "படிச்சா மண்டைக்குள்ள நூறு படம் வருது. கேட்டா ஒண்ணுதான் வருது, அதை வரைஞ்சிடலாம்" என்பார். அதனால் படிப்பது என் வேலை. பஸ்ஸில் போகும்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் படித்து முடிப்பேன். சாயங்காலம் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பியதும், வரைபலகைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கதையைச் சொல்வேன். அவர் பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். கதாநாயகி அழுகிற இடம் வந்தால் பென்சில் நிற்கும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து செய்கிற ஒரே வேலை அதுதான். மளிகைச் சாமான் பட்டியலில்கூட எங்களுக்கு ஒத்துப்போகாது.

அவர் வரைந்த இருபத்தேழு கதாநாயகிகளுக்கும் கீழுதட்டுக்கு அடியில், இடது பக்கம், கடுகளவு மச்சம் உண்டு. எனக்கும் அதே இடத்தில் உண்டு. வாசகர்கள் அதை ஓவியரின் முத்திரை என்று நினைத்துக்கொண்டார்கள். மாடி வீட்டிலிருக்கும் என் நாத்தனாருக்கு விஷயம் தெரியும். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு எங்கள் வீட்டில் வானொலி என்று பெயர். "எங்கண்ணன் ஒரே பொண்டாட்டியை இருபத்தேழு தடவை கட்டிக்கிட்டாரு. கொடுத்து வெச்ச மனுஷன்" என்பாள். நான் கோபப்படுவதுபோல நடிப்பேன். உள்ளே குளிர்ந்துபோகும்.

அந்த மச்சம் கதைகளிலும் இருந்ததா என்று கேட்காதீர்கள். பிறகு சொல்கிறேன்.

அவர் படிக்க ஆரம்பித்தார். முதல் நாள் ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தை விரித்துவைத்துப் படித்தார். மூன்றாம் நாள் தனியாகச் சிரித்தார். என் புருஷன் நான் இல்லாமல் சிரிக்கிற சத்தம் பக்கத்து அறையிலிருந்து எப்படிக் கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"என்னவாம்?" என்றேன், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

"இவ கிரேன் ஓட்டறா. துறைமுகத்துல. அறுபது அடி உயரத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுல தனியா உக்காந்துக்கிட்டு இருக்கா. மேனேஜர் கீழேருந்து கத்தறான். 'எனக்குக் காது கேக்கலை, மேல வந்து சொல்லுங்க'ங்கறா. அவனுக்கு ஏணின்னா பயம்!"

"ரொம்பத்தான் சமர்த்து."

"நீயும் கேளேன்..."

"எனக்குக் கடையில வேலை ஜாஸ்தி" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. எனக்கு ஒரு நிமிஷம் திருப்தியாக இருந்தது. பிறகு அந்தத் திருப்தியும் போய்விட்டது.

அடுத்த வாரம் படம் முடிந்தது. காயவைத்திருந்த படத்தை நான் பார்த்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். முடியைக் காதோடு கத்தரித்திருந்தாள். அகலமான வாய். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னல் இல்லை. மச்சமும் இல்லை. இவ்வளவு உயிரோடு என் முகத்தைக்கூட அவர் வரைந்ததில்லை.

கைப்பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்தேன். கண்ணாடி செய்வதற்கு முன் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்போம். அதற்கான ஸ்கேல் அது. அவளுடைய முகத்தையும் அளந்தேன். கணக்குப் போட்டால் இடைவெளி பெரிது. அகலமான முகம். அப்படி ஒருத்தியை இந்த மனுஷன் எங்கேயோ பார்த்திருக்கிறார். பார்க்காமல் இவ்வளவு சரியாக வராது.

"அண்ணி, என்ன செய்யறீங்க?" வாசலில் வானொலி.

"தூசி தட்டறேன்."

"ஸ்கேலாலயா?" உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா! யாரிது? நம்ம வீட்டு ஜாடையே இல்லையே. எங்கண்ணன் இருபத்தெட்டாவதா வெளியில சம்பந்தம் பண்ணிட்டாரா?"

"உனக்கு அடுப்புல ஒண்ணும் வேகலையா?"

"இங்கதான் வேகுதே" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிற பெண்களின் பல்லையெல்லாம் நான் பார்த்தேன். கண்ணைப் பரிசோதிக்க வந்தவர்களிடம் "கொஞ்சம் சிரிங்க" என்றேன். ஒரு பெண்மணி, "இது பல் டாக்டர் கடையா?" என்று பலகையைப் பார்க்க வெளியே போய்விட்டார்.

கதையைப் படித்துப் பார்க்கலாமே என்று தோன்றாமலில்லை. மேசைமேல்தான் கிடந்தது. ஆனால் நான் அட்டையைப் பார்த்தே அவளைத் தீர்மானித்துவிட்டேன். திமிர் பிடித்தவள். ஆண்பிள்ளைகளைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவள். அவளை நான் எதற்குப் படிக்கவேண்டும்?

வியாழக்கிழமை பதிப்பாளர் அம்மா கடைக்கு வந்தார். தன் மூக்குக்கண்ணாடியின்மேல் உட்கார்ந்து அதன் காலை ஒடித்துவிட்டிருந்தார். புது ஃபிரேம் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் இந்தத் தடவை தானே படிக்கறாராமே? நல்லதாப் போச்சு. நாளைக்கு அட்டை அச்சுக்குப் போகுது. போன தடவை பட்ட பாடு போதும்டா சாமி."

"போன தடவை என்னங்க?"

"உங்களுக்குச் சொல்லலையா? அந்தக் காய்ச்சல் கதை. காய்ச்சல்ல முடியெல்லாம் கொட்டிப் போனவ கதை. முடி போன பிறகு அவ எப்படித் தலைநிமிர்ந்து வெளியில நடக்கறாங்கறதுதான் மொத்தக் கதையும். அட்டையில பாத்தா முழங்கால் வரைக்கும் பின்னல்! மூணு மாசத்துக்கு முன்னால நாற்பது கடுதாசி வந்துது. கதை எழுதினவங்க போன்லயே அழுதுட்டாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு நானும் வாய்விட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"பாவம், ஒண்ணும் சாக்குச் சொல்லலை. 'தப்பு என்னோடதுதான், நான் படிச்சிருக்கணும்'னாரு."

என் கையிலிருந்த ஃபிரேம் நழுவி மேசையில் விழுந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். மச்சம் எந்தக் கதையிலும் இல்லை. நான்தான் வைத்தேன். முதல் கதை சொன்னபோது விளையாட்டாக, "கீழுதட்டுல ஒரு மச்சம்" என்று கைச்சரக்கைச் சேர்த்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரைந்தார். அப்புறம் விடமுடியவில்லை. எந்தக் கதாநாயகியும் முழுசாக வேறொருத்தியாக அவரிடம் போய்ச் சேர நான் விடவில்லை. ஒருத்திக்கு என் பின்னல், ஒருத்திக்கு என் மூக்கு. அந்தக் காய்ச்சல்காரியின் கதையைச் சொன்ன மூன்று சாயங்காலங்களும் அவர் பென்சிலையே தொடவில்லை. "அப்புறம்? அப்புறம் அவ என்ன செஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பற்றி ஒருநாளும் அப்படி 'அப்புறம்' கேட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "கடைசியில முடியெல்லாம் வளர்ந்துடுது, முழங்கால் வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். காகிதத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் தலையில் என் பின்னலை ஒட்டவைத்து, அவள் கதையையே கெடுத்துவிட்டேன்.

மூன்று மாதமாக அவருக்கு இது தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் வண்ணம் வாங்கப் போயிருந்தார். காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். இந்தக் கிரேன்காரியிடம் என்ன குறை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

பதினைந்தாம் பக்கத்தில் சிரித்துவிட்டேன். மேனேஜருக்காக இல்லை. அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கிரேன் கொக்கியிலேயே மாட்டி, தனக்குத்தானே மேலே தூக்கிக்கொள்கிறாள். நாற்பதாம் பக்கத்தில் அவளுடைய அக்கா பேசாமல் போன இடத்தை இரண்டு தடவை படித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை வாசனை வந்தபிறகுதான் பார்த்தேன். அதற்குள் அவள் எனக்குச் சொந்தமாகிவிட்டாள்.

எழுபத்திரண்டாம் பக்கம் வந்தது. புதிதாக வேலைக்கு வந்தவள் கேட்கிறாள்: "இவ்வளவு உயரத்துல இருக்கீங்களே, வானம் பக்கத்துல தெரியுமா?" இவள் சொல்கிறாள்: "வானத்தை நான் பார்த்ததே இல்லை. என் கொக்கிக்குக் கீழே ஆள் நிக்கறாங்க." கடைசிவரை படித்து முடித்தேன். கதை முழுக்க அவள் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முகத்தைத் தூக்குகிறாள். அதற்காகத்தான் அந்தக் கதையே எழுதப்பட்டிருக்கிறது.

அட்டையில் அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவை அட்டையிலேயே போட்டு உடைத்துவிட்டார். ஆசைப்பட்டுப் படித்தவருக்குக் கடைசிப் பக்கம் மட்டும் மனசில் நின்றுவிட்டது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் நாளை அட்டை அச்சாகிவிடும். மறுபடியும் கடுதாசி வரும். 'நீயே சொல்லும்மா, நான் படிச்சா சரியா வரலை' என்று அவர் நாற்காலியை இழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் பதிப்பாளர் அம்மா சொன்னபடியே வேறு ஆளைப் பார்ப்பார். இரண்டில் எது நடந்தாலும் கிரேன்காரி தொலைந்தாள். பொறாமை எவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வழிந்த பாலைத் துடைத்து முடிக்கிறவரை போட்டுக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட? தலைவலியா?"

"அவ மேல பாக்கமாட்டா" என்றேன்.

"யாரு?"

"உங்க கிரேன்காரி. எழுபத்திரண்டாம் பக்கம். கடைசி வரைக்கும் கீழதான் பாப்பா. நீங்க முடிவை அட்டையில போட்டு வெச்சிருக்கீங்க."

வண்ணப் புட்டிகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு, என் மடியிலிருந்த காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஐயோ" என்றார். "நான் எப்படி இதை விட்டேன்?"

"கண்ணு மயங்கிப் போச்சு. வேற எப்படி?"

"நீ எப்போ படிச்ச?"

"இப்பதான். பல் இடைவெளியாவது கதையில இருக்கா, இல்ல நீங்க எங்கயாவது பாத்து வெச்சீங்களான்னு தேடினேன். மூணாம் பக்கத்துலயே இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

"பதிப்பாளர் அம்மா கடைக்கு வந்தாங்க" என்றேன். "ஏன் எங்கிட்ட கேக்கலை? ரெண்டு திட்டாவது திட்டியிருக்கலாமே?"

"என்னத்தைத் திட்டறது? மச்சம் இருபத்தேழு கதையிலயும் இருக்குமா? நான் என்ன அவ்வளவு மக்கா? நீ சொல்றப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வரைஞ்சேன். உனக்குப் பிடிச்சிருந்துது, எனக்கும் பிடிச்சிருந்துது." காகிதத்தின் ஓரத்தை மடக்கி மடக்கி விரித்தார். "ஆனா அந்தக் காய்ச்சல்காரி பாவம். அவளுக்கு நாம ரெண்டு பேரும் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

"பின்னல் என்னோட வேலை. நீங்க ஒண்ணும் பங்குக்கு வரவேண்டாம்."

"சரி, வரலை."

"இவளை உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா?"

"பிடிக்கும்" என்றார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "உனக்கு?"

"உங்களைவிட எனக்குத்தான் அவளை நல்லாத் தெரியும்" என்றேன். "நீங்க அவளை வானத்தைப் பாக்க வெச்ச ஆளு."

அன்று சாயங்காலமே படத்தை மறுபடி வரைந்தார். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எழுபத்திரண்டாம் பக்கத்தை வரிவரியாகப் படித்தேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. குனிந்த முகம், கீழே யாருக்கோ எதுவும் ஆகிவிடக்கூடாதே என்கிற கண்கள். முன்னதைவிட அழகாக இருந்தாள். வயிற்றில் லேசாக எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் புதுக் கட்டு வந்தது. அவர் அதைப் பிரிக்காமல் என் மடியில் வைத்தார்.

"எனக்குக் கேக்கத்தான் வருது. ஆனா எழுதியிருக்கறபடி சொல்லு."

சொன்னேன். ஒரு தபால்காரியின் கதை. குள்ளம், சுருட்டை முடி, கன்னத்தில் பழைய தழும்பு. உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் தழும்பை வரைந்தார், சுருட்டையை வரைந்தார். உதட்டுக்குக் கீழே வந்ததும் பென்சில் நின்றது.

"மச்சம்?"

"இல்லை."

"எங்கயுமே இல்லையா? நல்லாப் பாத்தியா?"

"முந்நூறு பக்கமும் பாத்துட்டேன். இல்லை."

அவர் முகம் விழுந்துவிட்டது. பென்சிலை மேசையில் போட்டார். நான் குனிந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், என் சிரிப்பு அவருக்குத் தெரியாமல்.