காற்றுச் சத்தம்

எங்கள் வீடியோவில் ஒவ்வொரு ஷாட்டும் என் கைகளில்தான் தொடங்கியது. கேமரா ஓட ஆரம்பித்ததும் அதன் முன்னால் போய் நின்று ஒரு தட்டு தட்டுவேன். அதற்கென்று காலேஜில் ஒரு கிளாப் கட்டை இருந்தது. போன வருடத்து ஆட்கள் தொலைத்துவிட்டார்கள். பின்னால் படத்தையும் பாட்டையும் சேர்க்கும்போது அந்தத் தட்டலை வைத்துத்தான் பொருத்த வேண்டும். பொருத்தியதும் கைகளை வெட்டி எறிந்துவிடலாம்.

மீடியா பாடத்தின் செய்முறை மதிப்பெண்ணுக்காக மூன்று பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். மார்னி நடிப்பு, ரோரி டைரக்‌ஷன், மிச்சம் நான். மிச்சம் என்றால் கேமரா, எடிட்டிங், ஷாட் பட்டியல், நகரசபைக்கு அனுமதிக் கடிதம், ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ரோரியைக் குறை சொல்லக் கூடாது, பாட்டு அவன் கொண்டுவந்தது. அவனுடைய பெரியப்பா மகனின் பேண்ட் பாடியது. யாரும் கேள்விப்படாத பேண்ட், அதனால் யாரிடமும் உரிமை கேட்டு அலைய வேண்டியதில்லை. ஊரை விட்டுக் கிளம்புகிறவளை இன்னும் கொஞ்சம் நில்லு என்று ஒருத்தி கெஞ்சுகிற பாட்டு.

மார்னியை எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அவளுக்கு நிறையப் பேர் உண்டு. எனக்கு மார்னி உண்டு. அப்பாவுக்குக் கடலில் காற்றாலை பழுது பார்க்கிற வேலை, இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அவர் கடலில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மார்னி வீட்டில்தான் சாப்பிடுவேன். இந்தக் காலேஜ் முடிந்ததும் செப்டம்பரில் இரண்டு பேரும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துக்குப் போவது என்று முடிவு செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. 'வருகிறேன்' என்று ஒப்புக்கொள்வதுதான் பாக்கி.

படப்பிடிப்புக்கு முன்னால் என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். நான் பதினொன்று எழுதினேன். வழுக்குகிற படி, திடீர் அலை, கேமராவில் உப்புத் தண்ணீர், சிப்ஸுக்காகத் தலையில் வந்து கொத்துகிற கடல்புறா. எங்கள் ஆசிரியை மிஸ் பிளெங்கின் படித்துவிட்டு, "ஹேசல், நீ எங்க போகப் போற, போருக்கா?" என்றார்.

முதல் நாள் பிப்ரவரியில், எங்கள் ஊர் விதர்ன்சீ கடற்கரையில். இங்கே கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று இருந்ததாம். கப்பல்கள் மோதி மோதிப் பாலம் போய்விட்டது, கோட்டை மாதிரி அதன் வாசல் மட்டும் நிற்கிறது. அந்த வாசலில் மார்னி நின்று பாட வேண்டும், அவளைச் சுற்றி எல்லாம் மெதுவாக அசைய வேண்டும். அதற்கு ஒரு வித்தை உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்கேற்ப வாயசைக்கச் சொல்ல வேண்டும். படத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் வாய் பாட்டோடு சேர்ந்துகொள்ளும், அலையும் தலைமுடியும் மட்டும் கனவில் போல மிதக்கும்.

"ஐயோ, எலி பாடுற மாதிரி இருக்குடீ!" என்று மார்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் எலி மாதிரியே வாய அசை. மெதுவா ஓட்டினா சரியா வரும்."

"வரலைன்னா ஊரே பாக்க நான் லூசு மாதிரி நின்னதுதான் மிச்சம்."

"வந்தாலும் அதுதான் மிச்சம்" என்றான் ரோரி.

வாயசைப்பு சரியாக வந்தது. ஆனால் மிஸ் பிளெங்கின் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அழகா இருக்கா. ஆனா எல்லா ஷாட்லயும் நடிக்கிறா. யாரையோ விட்டுப் பிரியற மாதிரி ஒரு ஷாட், ஒரே ஒரு ஷாட் கொண்டு வாங்க, மேல ஒரு கிரேடு தர்றேன்."

அதனால் மார்ச்சில் மறுபடி போனோம். காற்று ஆளைத் தூக்கியது. மார்னியின் முகத்தை மட்டும் ஆறு தடவை எடுத்தோம், ஆறு தடவையும் அவள் சோகமாக இருப்பதாக நடித்தாள். ஏழாவது முடிந்தபோது மூன்று பேருக்கும் விரல் விறைத்துவிட்டது. நான் சிப்ஸ் வாங்க ஓடினேன். கடையில் வரிசை. மார்னிக்குச் சிப்ஸ் மேலே தூவுகிற சிவப்பு மசாலாப் பொடி தூக்கலாக வேண்டும், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, கேமராவை நிறுத்தவில்லை. பதினேழு நிமிடம் தானாக ஓடியிருக்கிறது. ரோரிக்கு ஒரே குஷி.

"மத்தவங்க மறந்தா என்ன கத்து கத்துவே! கார்டு போச்சே, பேட்டரி போச்சேன்னு!"

"வாய மூடிட்டு சிப்ஸ தின்னுடா."

மறுநாள் மதிய இடைவேளையில் எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்தேன். நான் வழக்கமாக அங்கேதான் உட்காருவேன். சாப்பாட்டுக் கூடத்தில் மார்னியின் மேஜையில் எனக்கு இடம் போட்டு வைப்பார்கள்தான், ஆனால் அவர்கள் பேசுகிற பாதி விஷயம் எனக்குப் புரியாது. ஏழாவது ஷாட்டைப் பொருத்துவதற்காக ஹெட்ஃபோனை மாட்டினேன். கேமராவில் பதிகிற சத்தத்துக்கு ஒரே வேலைதான், பொருத்துவது. பிறகு அதை அடைத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவோம், யாரும் கேட்கப் போவதில்லை. தட்டலைப் பொருத்திவிட்டு, மிச்சம் எவ்வளவு தூரம் வீணாக ஓடியிருக்கிறது என்று பார்க்க நடுவில் எங்கேயோ கொண்டுபோய் வைத்தேன்.

"ஹேசல்கிட்ட சொல்லிட்டியா?" என்றது ரோரியின் குரல்.

"இல்லடா." இது மார்னி.

"எப்பத்தான் சொல்லப் போற? கிளாஸ்கோ ரயில்ல ஏறிட்டு ஜன்னல் வழியா கத்தப் போறியா?"

"சிரிக்காத. கிளாஸ்கோ யுனிவர்சிட்டிக்கு வர்றேன்னு போன வாரமே ஒத்துக்கிட்டேன். அவ என்னடான்னா ஷெஃபீல்டுல வீடு பாத்துட்டு இருக்கா. எந்தக் கிச்சன்ல எத்தனை அலமாரின்னு தினமும் போட்டோ அனுப்பறா."

"பாவம்."

"ஆமா, பாவம். எல்லாரும் இதையே சொல்லுங்க. பன்னெண்டு வருஷமா பாவம் பாத்துட்டு இருக்கேன் நான். அவளுக்கு என்னை விட்டா யாரும் இல்ல, ரோரி. எனக்கு என்னைத் தெரியாத ஒரு ஊர் வேணும். அவ்ளோதான். அது தப்பா?"

அதன் பிறகு கொஞ்ச நேரம் காற்று. பிறகு தூரத்திலிருந்து நான், "கடல்புறா துரத்துது, பிடிங்க பிடிங்க!" என்று கத்திக்கொண்டு வருகிறேன். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நல்ல சிரிப்பு, ஒரு குறையும் சொல்ல முடியாது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதுவும் அலமாரியைப் பற்றி. எத்தனை அலமாரி என்று கேட்டது அவள்தான்! ஷூ வைக்கவே இரண்டு வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். மறுபடி கேட்டேன். அப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை கோபம் போய்விட்டது, அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. என்னைத் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கஞ்சப்பிசினாறி, சிடுமூஞ்சி என்று எது சொல்லியிருந்தாலும் பதிலுக்குப் பத்து சொல்லத் தெரியும். பாவம் என்பதற்கு என்ன சொல்வது? பன்னிரண்டு வருடமாக நான் சிநேகிதம் என்று நினைத்துச் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எல்லாம் தொண்டைக்கு வந்தது. சரியாகச் சொன்னால் அழுதேன். பக்கத்து அறையில் யாரோ டிரம்ஸ் வாசித்ததால் வெளியே கேட்கவில்லை.

சத்தத்தை அடைத்துவிட்டு வெறும் படத்தை ஓட்டினேன். மார்னி கேமராவை மறந்திருந்தாள். கழுத்துத் துணியை வாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, கடலைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொல்லும்போது அவள் கண் நிரம்பியது. பாதி வேகத்துக்குக் குறைத்தேன். தலைமுடி ஒருமுறை முகத்தை மூடி விலகியது. யாரையோ விட்டுப் பிரிகிற முகம். மிஸ் பிளெங்கின் கேட்ட அந்த ஒரே ஒரு ஷாட்.

பாட்டின் நடுவே குரல் இல்லாமல் கிட்டார் மட்டும் வருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே அதை வைத்தேன், எட்டு விநாடி. பழிவாங்கத்தான் வைத்தாய் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன், பாதி அதுதான். மீதிப் பாதி, எடிட்டர் நான், இருப்பதில் நல்ல ஷாட் அதுதான். இதற்கெல்லாம் அடியில் ஒரு நப்பாசையும் இருந்தது. திரையில் பார்த்தால் மார்னிக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் என்னிடம் வந்து அவளே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் போதும், கிளாஸ்கோவுக்குப் போகட்டும், லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் திரையிட்டார்கள். ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டு, பதினான்கு பேரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம். மார்னி எனக்குப் பக்கத்தில். கிட்டார் தொடங்கி அந்த எட்டு விநாடி வந்தது. முன்வரிசையில் ரோரியின் காது சிவந்ததைப் பார்த்தேன். என் பக்கத்தில் மார்னி மூச்சை இழுத்தாள், விடவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"அந்த ஷாட்!" என்றார் மிஸ் பிளெங்கின். "இதைத்தான் கேட்டேன். மார்னி, அப்ப என்ன சொல்லிட்டு இருந்தே?"

"ஞாபகம் இல்ல மிஸ்."

"என்ன சொன்னியோ, நல்லா சொன்னே."

வெளியே வராந்தாவில் மார்னி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஹேசல். அது, நீ சிப்ஸ் வாங்கப் போனப்ப எடுத்ததா?"

"ஆமா. தானா ஓடிட்டு இருந்துச்சே, அது."

"அதுல சத்தம் இருந்துச்சா?"

கேட்டுவிட்டாள். இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் அப்போது அவள் சொல்வது என்னிடம் மாட்டிக்கொண்டதற்காகச் சொல்வதாகத்தான் இருக்கும். எனக்கு அது வேண்டாம். அவளாகச் சொல்ல வேண்டும்.

"காத்துதான். ஒரு வார்த்தை கேக்கல."

அவளுடைய தோள் இறங்கியது. வராந்தாவின் மங்கல் விளக்கிலும் நன்றாகத் தெரிந்தது. "சரி வா, பஸ் போயிடும்" என்று கையைக் கோத்துக்கொண்டாள்.

காலேஜ் இருக்கிற ஹல்லிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். மார்னி வழியில் பேட்ரிங்டனில் இறங்கிவிடுவாள். ஹெடன் வரை அவள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். கீயிங்ஹம் தாண்டியதும், சரி, நானே கதவைத் திறந்துவிடலாம் என்று தோன்றியது.

"நேத்து ஒரு வீடு பாத்தேன்டீ. கிச்சன்ல ஆறு அலமாரி."

மார்னி ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஏழு தடவை எடுத்தும் உதவாத அதே நடிப்பு.

"ம். நல்லா இருக்குடீ" என்றாள்.

பேட்ரிங்டனில் இறங்கி, எப்போதும் போலக் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். பஸ்ஸில் நானும் ஒரு கிழவரும் அவருடைய நாயும்தான் மிச்சம். நான் போனை எடுத்து ஷெஃபீல்டுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. அப்பா கடலில் இருந்தார், வீட்டுக்குப் போய்ச் சொல்ல யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கேமராவை அடுத்த குழுவுக்குக் கொடுக்க வேண்டும். கார்டை அழித்துக் கொடுப்பதும் மிச்சத்தில் ஒன்று, என் வேலை. அழிப்பதற்கு முன்னால் அந்தப் பதினேழு நிமிடத்தை முதலிலிருந்து ஓட்டினேன். முதல் தடவை தாண்டிப் போன இடம் அது, அன்றுதான் கேட்டேன்.

என் கைகள் வருகின்றன, ஒரு தட்டு. மார்னி எலிப் பாட்டுக்கு வாயசைக்கிறாள். பாட்டு முடிகிறது. பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல், குளிரில் நடுங்கிக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக:

"சூடா சிப்ஸ் வாங்கிட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் எங்கயும் போயிடாதீங்க!"

"நாங்க எங்கடீ போகப் போறோம்?" என்கிறாள் மார்னி.

அழிக்கவா என்று கேமரா கேட்டது. இன்னொரு தடவை கேட்டுவிட்டு அழித்தேன்.