எறங்குக்கா

முதல் பொக்கு வந்ததும் காரை நிறுத்தி, "எறங்குக்கா" என்றேன். அக்கா பின்சீட்டில் நீளமாகப் போட்டிருந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்து, கதவைப் பிடித்து எழுந்து, மழைச் சேற்றில் இறங்கினாள். காலில் போட்டிருந்த கட்டு நனையாதபடி சிலிசிலிப் பொலித்தீன் பை ஒன்றை மாட்டி, மேலே இறப்பர் பட்டி போட்டிருந்தாள். வெறும் காரைப் பொக்கின்மேல் மெதுவாக ஏற்றி இறக்கினேன். அப்படியும் அடியில் கிர்ரென்று ஓர் உரசல். அவள் நடந்து வந்து திரும்ப ஏறினாள். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு புதன்கிழமையும், எங்கள் லயத்து வீட்டிலிருந்து பெரிய ரோட்டைத் தொடுவதற்குள் மூன்று தடவை இது நடக்கும். வரும்போது மூன்று தடவை.

வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் தோட்டத்து ரோட்டில் மூன்று இடங்களில் மழைத்தண்ணீர்க் கான் குறுக்கே ஓடுகிறது. அதன்மேல் கொங்கிரீட் போட்டு மேடாக்கியிருக்கிறார்கள். அதைத்தான் பொக்கு என்கிறோம். இறப்பர்ப் பால் லொறிக்கோ, த்ரீவீலுக்கோ அது ஒரு பொருட்டில்லை. என் கார்தான் அதில் வயிற்றைத் தேய்க்கும். நான்கு வருஷத்துக்கு முன் அந்தப் பழைய லான்சரை வாங்கிய கையோடு யட்டியாந்தோட்டையில் நுஹ்மான் நானாவின் கராஜில் கொண்டுபோய் விட்டு, நாலு ஸ்ப்ரிங்கையும் வெட்டித் தாழ்த்தினேன். "கிளாக்கர், இது தோட்டத்து ரோட்டுக்குச் சரிவராது" என்று அவர் அப்போதே சொன்னார். இறப்பர் பெக்டரி ஒபிசில் பேரேடு எழுதுகிற எனக்கு, தரையோடு பதுங்கி நிற்கிற காரைப் பார்க்கும்போது ஒரு கர்வம் வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் பூச்சரம் சுற்றி எடுத்துப்போனார்கள். அந்தக் கர்வத்துக்கு அது போதும்.

அக்காவின் பெயர் தெரேசம்மா. ஐம்பத்திரண்டு வயது. தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் ஆயம்மா. பால் வெட்டப் போகிற பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளை, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இருபத்தாறு வருஷம் சுமந்தவள். கனத்த உடம்பு. சீனி வருத்தத்தில் போன மாசிமாதம் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு புண். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கட்டு ஆறும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, நீட்டித்தான் வைக்க வேண்டும். இரண்டு, இந்தப் புண் உள்ளே இறங்கினால் அடுத்தது விரல் அல்ல, பாதம். த்ரீவீலில் காலை நீட்ட ஏலாது. காரில் ஏலும். ஆனால் காரில் போனால் ஆறு தடவை அதே காலைச் சேற்றில் ஊன்ற வேண்டும்.

இரண்டாவது பொக்குப் பக்கத்தில் தண்ணீர் பைப் இருக்கிறது. அங்கே குந்தியிருக்கும் பிள்ளைகள், "ஆயம்மா எறங்குது, காரு ஏறுது!" என்று கத்துவார்கள். எல்லாம் அவள் சோறூட்டி வளர்த்ததுகள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "டேய் வாலுகளா, ஒங்களத் தூக்குன ஒடம்புடா இது" என்பாள்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"இனி நம்ம டிஸ்பென்சரியிலயே கட்டு மாத்திக்கிறேன்டா."

"ஏங்க்கா?"

"சும்மா என்னாத்துக்கு அலைச்சல்."

நான் அந்தப் பையைக் கழற்றினேன். உள்ளே சேற்றுத் தண்ணீர் நின்றது.

மறுநாள் லீவு போட்டுக் கராஜுக்குப் போனேன். பின்பக்கத்தைத் தூக்கித் தர வேண்டும் என்றேன். நுஹ்மான் நானா காரைச் சுற்றி வந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் விரல் வைத்துப் பார்த்தார்.

"வெட்டின ஸ்ப்ரிங் திரும்ப வளராது கிளாக்கர். வேற போடணும். பின்னுக்கு என்ன ஏத்தப் போறீங்க? பாரத்தச் சொன்னாத்தானே அதுக்குத் தக்கன போடலாம்."

பக்கத்தில் இரண்டு த்ரீவீல்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். அக்காவை ஏற்றுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சவுண்ட் பொக்ஸ்" என்றேன்.

"எத்தன கிலோ?"

"நூத்தம்பது."

அவர் என்னை நம்பினார். ஏதோ வேனிலிருந்து கழற்றிய தடித்த ஸ்ப்ரிங் இரண்டைப் பின்னால் போட்டார். ஜாக்கை இறக்கியதும் கார் பிட்டத்தைத் தூக்கி, மூக்கைத் தரையில் குத்தி நின்றது. "கார் எக வந்தினவா!" என்று ஒரு த்ரீவீல்காரர் சிரித்தார். கார் விழுந்து கும்பிடுகிறதாம்.

அடுத்த புதன்கிழமை அக்காவைக் கெஞ்சி ஏற்றினேன். முதல் பொக்கில் உரசல் இல்லை. "ஆத்தாடி, சத்தத்தையே காணோமே" என்று அவள் சிரித்தாள். ஆனால் அந்த ஸ்ப்ரிங் அவள் பாரத்துக்கு மசியவே இல்லை. சின்னக் குழிக்கும் கார் குதிரை மாதிரித் துள்ளியது. மூன்றாவது பொக்கு தாண்டிய பள்ளத்தில் அவள் எகிறி விழுந்து, நீட்டியிருந்த கால் கதவில் மோதியது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோதுதான் இரத்தத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவை அடிபட்டால் தாங்காது என்று கட்டுப் போடும் நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்.

திரும்பும் வழியில் பாண் வாங்க யட்டியாந்தோட்டையில் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினேன். எதிரே நுஹ்மான் நானா வந்தார். டிக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே,

"என்ன கிளாக்கர், சவுண்ட் பொக்ஸ் ஏத்தல்லியா? வெறுங்காரு மாதிரியே இரிக்கி" என்றார்.

பின்சீட்டிலிருந்து அக்கா தலையை நீட்டினாள்.

"எந்த சவுண்ட் பொக்ஸ்?"

நான் பாண் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு டிக்கியைப் பார்த்தாள், பிறகு தன் மடியைக் குனிந்து பார்த்தாள். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கோபத்தில் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"நான்தான் நானா அந்த சவுண்ட் பொக்ஸ்" என்றாள். கைப்பையைத் திறந்து கிளினிக் கார்டை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினாள். "தொண்ணூத்தாறு கிலோ. இன்னைக்குத்தான் நிறுத்தாங்க. இந்தா, எழுதியிருக்கு. இதுக்குத் தக்கனமாதிரி செஞ்சு குடுங்க."

நுஹ்மான் நானா கார்டை வாங்கிப் படித்தார். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "பொய்ப் பாரத்துக்குப் போட்டா மெய்ப் பாரத்துக்கு எப்படி மனே சரிவரும்?" என்று மட்டும் சொன்னார்.

கராஜில் காரை விட்டதும், பழக்கதோஷத்தில் அக்கா கதவைத் திறந்து காலை எடுத்தாள்.

"எறங்க வேணாம் தங்கச்சி" என்று அவர் அவசரமாகக் கையை நீட்டினார். "நீங்க இருந்தாத்தான் எனக்கு அளக்க ஏலும். அசையாம இருங்க."

அக்கா திரும்பவும் சாய்ந்துகொண்டாள். அவர் குந்தி, டேப் பிடித்து, இடப்பக்கம் அளந்தார், வலப்பக்கம் அளந்தார், கிளினிக் கார்டின் உறையிலேயே பென்சிலால் குறித்தார். அதன் பிறகுதான் அவளை ஒரு கதிரையில் உட்காரவைத்து, காலுக்கு ஒரு டயரைப் போட்டு அதன்மேல் சாக்கு விரித்தார். பழைய காரொன்றிலிருந்து வெட்டாத ஸ்ப்ரிங் இரண்டைத் தேடியெடுத்து மாற்றினார். அடியில் இறப்பர் வளையம் வைத்தார், முன்பக்கத்தையும் அதேபோல் விரலளவு தூக்கினார். அக்கா ஏறிப் பார்த்தாள். உயரம் காணாது என்றார் நானா. இன்னும் ஒரு வளையம். திரும்ப ஏறினாள். இப்போது காரின் பின்பக்கம் மெல்ல அமிழ்ந்து, முன்பக்கத்தோடு மட்டமாக வந்து நின்றது.

"ஹரி, இப்பச் சரி" என்றார் அவர்.

வரும் வழியில் நான்தான் பேச்சை எடுத்தேன். "ஒன்னைய யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான்க்கா…"

"பாரம் என்னோடது. வெக்கப்பட்டா நான்ல படணும்? ஒனக்கு என்னடா?"

அவளை மறைத்தேனா என்னை மறைத்தேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு கேட்டது. "நூத்தம்பது கிலோவாம். நான் என்ன லொறியாடா?"

இது நடந்து ஆறு புதன்கிழமை ஆகிவிட்டது. புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச்சதை பிடிக்கிறது என்று போன வாரம் மிஸ்ஸி சொன்னார். டொக்டர் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கல்யாண ஹயருக்கு யாரும் காரைக் கேட்பதில்லை. அக்கா இல்லாத நேரம் அது லயத்து வாசலில் மூக்கைத் தாழ்த்திக் கும்பிட்டபடி நிற்கிறது. அவள் ஏறி உட்கார்ந்தால்தான் நிமிர்கிறது.

நேற்றுத் திரும்பி வரும்போது நல்ல மழை. கண்ணாடியில் பார்த்தேன், காலை நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பைப்படியில் பிள்ளைகள் யாருமில்லை. பொக்கின் கொங்கிரீட்டில் என் கார் கீறிய வெள்ளைக் கோடுகளில் தண்ணீர் ஓடியது. தேவையே இல்லாமல் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் நின்றதும் அவள் கண்ணைத் திறக்காமலே கதவுப் பிடியில் கையை வைத்தாள்.

"எறங்கணுமா தம்பி?"

"வேணாம்க்கா."

கார் ஏறி இறங்கியது. சத்தமில்லை. கண்ணாடியில் அந்தக் கை இன்னும் பிடியின்மேல்தான் இருந்தது. கொஞ்சம் கழித்து, ஒவ்வொரு விரலாகத் தளர்ந்து, மடியில் விழுந்தது.