சத்தமில்லாத அரை நிமிடம்

என் புருஷனைப் பார்க்க வேண்டுமென்றால் நான் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கிற அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். என் தலையெழுத்தைப் பாருங்கள். மூன்றாவது மாடியில் சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஆடுகிற நாற்காலி. புகார் கொடுத்த குடும்பம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் வீடியோவைப் போட்டுக் காட்டுவார்கள். நான் வாரம் தவறாமல் போனேன். நான் வேலை பார்க்கிற, திரைச்சீலை தைக்கும் கடையில் முதலாளியம்மா, மறுபடியும் கேஸ் விஷயமா என்று கேட்பார். ஆமாம் என்பேன். புருஷனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றா சொல்ல முடியும்?

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து கருவிப் பையோடு நடந்து வந்தவரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். பக்கத்துத் தெருவில் ஏதோ திருட்டாம். தலையில் தடி விழுந்து சாய்ந்தவர் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே போய்விட்டார். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார், பையால் ஓங்கி அடிக்க வந்தார், அதனால்தான் தடியை எடுத்தேன் என்று அந்த ஆள் எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் கோட்டை விட்டார். போலீஸ்காரர்கள் நெஞ்சில் மாட்டியிருக்கும் கேமரா, பட்டனை அழுத்தினால்தான் பதிவு செய்யும். இவர் முதல் அடியை அடித்துவிட்டுத்தான் அழுத்தியிருக்கிறார். ஆனால் அழுத்துவதற்கு முந்தைய அரை நிமிடத்தையும் அந்தக் கேமரா தானாகவே பிடித்து வைக்கும், சத்தம் மட்டும் இருக்காது. அவசரத்தில் அது அவருக்கு மறந்துபோனது. அந்த அரை நிமிடத்தில் என் புருஷன் பையைத் தரையில் வைத்துவிட்டு, சிரித்த முகமாக ஏதோ பேசிக்கொண்டு நிற்கிறார். பையால் அடிக்க வந்ததெல்லாம் பச்சைப் பொய். மிரட்டினாரா இல்லையா என்பதுதான் பாக்கி.

நான் பார்ப்பதும் அந்த அரை நிமிடத்தைத்தான். தடி உயரும்போது நிறுத்தச் சொல்லிவிடுவேன். கிளார்க் பாவம், சொல்வதற்கு முன்பே நிறுத்தப் பழகிவிட்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து. என் புருஷன் கழுத்தைத் தேய்த்துக்கொள்வார், உதடு அசையும். என்னதான் பேசுகிறாய் மனுஷா என்று திரைக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். வீட்டில் இருந்தவரை, கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று கெஞ்ச வைத்த மனிதர். இப்போது அவர் குரல் எங்குமே இல்லை. போன் அன்றைக்கே நொறுங்கிவிட்டது. குரல் பதிவு அனுப்புகிற பழக்கமும் கிடையாது, வீட்டுக்கு வந்துதானே பேசப் போகிறேன் என்பார். அந்தக் குரலுக்கு நான் ஏங்கின ஏக்கம் எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் எங்கள் கேஸை நடத்துகிற வக்கீலம்மா வீட்டுக்கு வந்தார். குடும்பம் சம்மதித்தால் வீடியோவைப் பொது விசாரணையில் எல்லோர் முன்னாலும் போடுவார்களாம். இல்லாவிட்டால் உள்ளறையில் அவர்களே பார்த்து முடித்துவிடுவார்கள், அந்த ஆள் பழையபடி தடியோடு தெருவுக்கு வந்துவிடுவார் என்றார். என் கொழுந்தன் கொதித்துப் போனான். அண்ணன் அடிவாங்குவதைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்ட வேண்டுமா என்று கத்தினான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. எனக்கோ வேறு பயம். அங்கே உட்கார்ந்தால் பாதியில் நிறுத்தச் சொல்ல முடியாது.

"முழுசையும் பாக்கணுமா?" என்றேன்.

"ஆமாம்மா. சத்தம் வந்தப்புறம் அவர் பேசுறாரே, அதான் முக்கியம்."

எனக்குத் தெரிந்திருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார். அதில் அவர் குரல் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்ன பேசினார் என்று அவர் சொல்ல வாயெடுத்ததும் தடுத்துவிட்டேன்.

"நீங்க சொல்லாதீங்க. அவர் வாயாலேயே கேட்டுக்கறேன்."

சம்மதம் கொடுத்தேன். கொழுந்தன் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனாலும் விசாரணையன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

கூடத்தில் நிற்க இடமில்லை. அந்தப் போலீஸ்காரர் நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சாபம் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. சத்தமில்லாத பகுதியில் என் புருஷன் என்ன சொன்னார் என்று விசாரணைக் குழுவின் தலைவி கேட்டார். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்று அந்த ஆள் கூசாமல் சொன்னார். வீடியோவைப் போட்டார்கள். என் புருஷன் நின்றார், சிரித்தார், உதடு அசைந்தது. தடி உயர்ந்தது. கொழுந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சட்டென்று தெருச் சத்தம் கேட்டது. பிறகு அவர்.

"அதான் சொன்னேனே சார், பையைத் தொறந்து காட்டுறேன்னு. எதுக்கு சார் அடிக்கிறீங்க?"

மறுபடி தடி. அப்புறம், மூச்சு வாங்கிக்கொண்டு:

"விட்டுடுங்க சார். வீட்ல தேடுவாங்க."

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். போலீஸ்காரர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவி என் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"வேணாம்மா. இன்னொரு தடவை போடுங்க."

வக்கீலம்மா தலையை ஆட்டினார். பத்திரிகைக்காரர்கள் வேகமாக எழுதினார்கள். பொய்யை நிரூபிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். எங்கிருந்து போட வேண்டும் என்று வீடியோ போடுகிறவர் கேட்டார்.

"அவர் பேசுறதுலேர்ந்து" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.