யாகப்பர் கோயிலில் கூடிய வாங்குகள்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சின்ன யாகப்பர் கோயிலில் சனம் இருந்து பூசை காணும் மர வாங்குகள் இருபத்தாறு இருந்தன. அதற்கு முந்திய சனிக்கிழமை இருபத்துநாலுதான் இருந்தன. இதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் இராசதுரை ஒருவரே. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு, ஒன்பது வருடமாகக் கோயில் சாவி அவரிடம் இருந்தது. சனிக்கிழமை தோறும் வாங்குகளை ஈரத்துணியால் துடைப்பவரும் அவர்தான். புதிய இரண்டும் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இடம், வலமாக நின்றன. அதே முதிரை மரம், அதே மங்கிய வார்னிஷ், முழந்தாளிடும் பலகையில் அதே தேய்மானம். பங்குச் சுவாமி லெம்பேட் ஜெபப் புத்தகத்தோடு வந்தபோது இராசதுரை, "ஆர் தந்தது, சுவாமி?" என்று கேட்டார். "நான் உங்களைத்தான் கேக்க இருந்தனான்" என்றார் சுவாமி. பிறகு இராசதுரை துணியைப் பிழிந்து அந்த இரண்டையும் துடைத்தார்.

அந்த வாங்குகளுக்கு மூன்று கிழமை முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். இராசதுரையின் ஒரே மகன் சிந்துஜன் இறங்குதுறைக்குப் பக்கத்துக் கொட்டிலில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். சாம்பல்தீவைச் சேர்ந்த நிருபன் ஒரு நில அளவையாளரிடம் படம் வரைபவன். இரண்டு பேரும் உவர்மலையில் ஒரு வாடகை வீட்டில் ஏழு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். நிருபன் தனக்கு யார் என்பதை ஆறு வருடத்துக்கு முன்னர் சிந்துஜன் தகப்பனுக்குச் சொன்னான். இராசதுரை சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்தக் கதையை இனி எடுக்காதை" என்றார். மகன் எடுக்கவில்லை. அதன் பிறகு வேறு கதையும் அவர்களுக்குள் இருக்கவில்லை. யூலை மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நான்கு பேர் கொட்டிலுக்குள் புகுந்தார்கள். இரும்புக் குழாயால் அடித்ததில் சிந்துஜனின் காறை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. வேலை முடிந்து அங்கே வந்த நிருபன் குறுக்கே விழுந்ததில் அவனுக்கு முன்பற்கள் இரண்டு போயின. இருவர் தலையிலும் கழிவெண்ணெயை ஊற்றித் தெருவில் இருத்தி, படம் பிடித்து, பொழுதுபடுமுன் எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார்கள். சிந்துஜனிடம் எஞ்சின் திருத்தக் கொடுத்தவர்கள் பலர் அந்தத் தெருவால் போனார்கள், நிற்கவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுக்க இருவருக்கும் பயமாக இருந்தது. ஆணோடு ஆண் சேர்வதைக் குற்றமாக்கும், சட்டத்தில் இன்னும் கிடக்கிற ஒரு பழைய பிரிவு அடித்தவர்களை விட்டு அடிபட்டவர்கள் மேலேயே பாயக்கூடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இராசதுரைக்கு அந்தப் படத்தைத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் காட்டினார். அவர் பாதித் தேத்தண்ணியோடு எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். நோயாளர் வாட்டில் நிருபன் வீங்கிய வாயோடு எழுந்து தன் கதிரையைக் கொடுத்தான். "அப்பா, இருங்கோ" என்றான் சிந்துஜன். "நிண்டு பழகிட்டன்" என்றார் அவர். பன்னிரண்டு நாளும் கஞ்சி கொண்டுவந்தார்; பன்னிரண்டு நாளும் கட்டிலின் கால்மாட்டில் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போனார். கஞ்சி இருவருக்கும் போதுமானதாக இருந்தது. அதை மூவரும் கவனித்தார்கள்.

ஓகஸ்ட் முதல் ஞாயிறு சிந்துஜன் கையைத் தூக்கிக் கட்டியபடி பூசைக்கு வந்தான். அவன் தனியே நடக்க ஏலாது என்பதால் சைவ சமயத்தவனான நிருபனும் கூட வந்தான். இருவரும் மூன்றாம் வரிசையில் இடப்பக்கம் இருந்தார்கள். அந்த வாங்கில் இருந்த குடும்பம் எழுந்து பின்னுக்குப் போனது. பிறகு எதிர் வாங்கு, பிறகு முன்னிரண்டு வரிசை, பிறகு நாலாம் வரிசை. சுவிசேஷம் வாசிக்கும் நேரத்துக்குச் சனம் முழுவதும் வாசற்பக்கமாக நெருக்கியடித்து நின்றது. இராசதுரை தன் வழக்கமான இடத்தில், கடைசிச் சுவரோரம் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் பின்னுக்கும் போகவில்லை, முன்னுக்கும் போகவில்லை. லெம்பேட் சுவாமி எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "அடிச்சது ஆர் எண்டு நான் இஞ்ச கேக்கேல்லை. அடிபட்டது எங்கட பிள்ளையள். இது ஆண்டவற்ற மேசை. இதில இருந்து ஒருத்தரை எழுப்பிவிட எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை" என்றார். அந்தக் கிழமையே துறைமுகப் பகுதியில் உள்ள நான்கு சபைகளின் குருமார் கையெழுத்து வைத்து, வெறுப்பு என்பது ஞானஸ்நானம் பெற்றவர்களின் பழக்கம் அல்ல என்று ஒரு பக்கக் கடிதம் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். சிலர் வாசித்தார்கள். சிலர் சுவாமியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார்கள். சனிக்கிழமை விடிய இரண்டு வாங்குகள் வந்திருந்தன.

அதன் பிறகு கிழமைக்கு இரண்டு. எப்போதும் மூன்றாம் வரிசைக்குப் பின்னால், விலகியவர்கள் விட்டுப்போன வெளியில் வந்தன. சனம் ஒவ்வொரு ஞாயிறும் வாசலோர வாங்குகளையே பிடித்ததால், பீடத்திலிருந்து தூரமாகிக்கொண்டே போனது. சுவரில் இருந்த சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போயின. ஐந்தாம் படத்துக்கும் ஆறாம் படத்துக்கும் நடுவே புதிதாக ஒரு யன்னல் உண்டாகி, அதனூடாகக் கடல் தெரிந்தது. இராசதுரை மேலும் இரண்டு ஒலிபெருக்கிகள் பூட்டினார். ஆனாலும் பாடகர் குழு தொடங்கிய பாட்டு வாசலடிக்கு ஒரு வரி பிந்தித்தான் வந்து சேர்ந்தது. நவம்பரில் நிருபன் ஒரு முற்பகல் அளவு நாடாவோடு வந்து கோயிலை அளந்தான். நாடாவின் மறு நுனியை இராசதுரை பிடித்தார். வெளியே அறுபது அடி, பின்மதில் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே நூற்றைந்து அடி. வாசலில் இருந்து பீடத்துக்கு நடக்க நாலு நிமிடம் எடுத்தது. அது நாலு நிமிட தூரமே அல்ல. "எது பிழை?" என்று இராசதுரை கேட்டார். இருவரும் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஒண்டும் பிழை இல்லை, ஐயா. எல்லாம் சரியா வருது" என்று சொல்லி நிருபன் மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

மார்கழியில் மத்தில்டா ரீச்சரின் முழங்கால் மோசமாகியது. ஊரில் பாதிப்பேருக்கு வாய்ப்பாடு படிப்பித்த அவர், பூசையில் தரும் நன்மை அப்பம் வாங்க வாசலடியிலிருந்து புறப்பட்டு இரண்டு ஞாயிறு தொடர்ந்து பிந்திப்போனார். சுவாமி அதற்குள் பாத்திரத்தைத் துடைத்துவிட்டார். மூன்றாம் ஞாயிறு, பூசை தொடங்கக் கனநேரம் முந்தியே பொல்லை ஊன்றி நடந்து மூன்றாம் வரிசைக்கு வந்தார். "தம்பி, கொஞ்சம் அரக்கியிரும்" என்றார் நிருபனிடம். "எனக்கு இனி நடக்க ஏலாது. இதில இருந்தா சுகம்." பூசை முடிந்ததும் தன் வீட்டுத் தண்ணீர்ப் பம்ப் இரைகிறது, வந்து பார்க்க ஏலுமா என்று சிந்துஜனைக் கேட்டார். பிறகு சுவாமியிடம் போய், குருமார் அச்சிட்ட கடிதத்தில் இன்னொரு பிரதி வாங்கினார். முதல் பிரதியை மா அரிக்க விரித்துவிட்டாராம். அடுத்த ஞாயிறு அவருடைய தங்கை வந்தாள். நத்தார் கழிந்து ஒரு மாதத்துக்குள் நாற்பது பேரளவில் முன்னுக்கு வந்துவிட்டார்கள். சிலர் வெட்கப்பட்டு வந்தார்கள், சிலர் காற்றாடிக்குக் கீழே இருக்கலாம் என்று வந்தார்கள். மார்ச் முதல் சனிக்கிழமையோடு வாங்கு வருவது நின்றது. எண்பத்துநாலு. ஏன் அன்றோடு நின்றது என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு இரண்டு கிழமை கழித்து, கோயில் இளைஞர் மன்றத்து அருள்நேசன் சுவிசேஷம் வாசிக்கும்போது கடைசி வாங்கிலிருந்து எழுந்து முன்னோக்கி நடந்தான். மற்றவர்களுக்கு அப்போது எட்டு நிமிடம் எடுத்த தூரம் அவனுக்கு முழுப் பூசையும் எடுத்தது. சுவாமி ஆசீர்வாதம் கொடுத்துச் சனம் கலைந்த பிறகுதான் மூன்றாம் வரிசைக்கு வந்து சேர்ந்தான். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

"அண்ணை, நான் அடிச்சனான்."

"தெரியும்" என்றான் சிந்துஜன். "கால் நோகும். இரு."

அவன் இருந்தான். மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னான். சிந்துஜன் தலையாட்டினான். நிருபன், "எனக்கு ரெண்டு பல் போனது. இன்னும் கொஞ்ச நாள் செல்லும், பிறகு சொல்லுறன்" என்றான். அருள்நேசன் அதை ஏற்றுக்கொண்டான். மறுநாள் சுவாமியோடு பொலிஸுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்து, மற்ற மூவரின் பெயரையும் சொன்னான். வழக்கு ஒழுங்காக நடந்து நால்வருக்கும் தண்டனை கிடைத்தது. நிருபன் பதினான்கு மாதம் கழித்து, பஸ் தரிப்பிடத்தில் அருள்நேசனைக் கண்டபோது சொல்லவேண்டியதைச் சொன்னான்.

குருத்து ஞாயிறு அன்று மூன்றாம் வரிசைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. இராசதுரை ஏணியோடு வந்து வயரை இறுக்கிவிட்டு இறங்கினார். திரும்பிப் பார்த்தபோது அவர் நிற்கும் இடம் ஒரு நெருப்புப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அங்கே போக எட்டு நிமிடம் வேண்டும்; அதற்குள் இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு எல்லோரும் நிற்கவேண்டும் என்பதால் அவரும் வாங்கின் ஓரத்தில் மகனுக்குப் பக்கத்தில் நின்றார். நீண்ட வாசகம். முடிந்ததும் சனம் முழுவதும் ஒரே சத்தத்தோடு வாங்குகளில் அமர்ந்தது. சிந்துஜன் நிருபன் பக்கமாக அரக்கியிருந்தான். ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இராசதுரைக்குத் தன் கால்கள் எத்தனை வருடமாக நோகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் இருந்தார்.

"அப்பா, இருந்திட்டீங்கள்."

"ஓம். சுவாமி பேசுறார், கதைக்காதை."

அன்று மத்தியானம் அவர் முதன்முறையாக உவர்மலை வீட்டுக்குப் போனார். குசினியில் பலகை போட்டு மூவரும் சோறும் பயற்றங்காய்ப் பால்கறியும் சாப்பிட்டார்கள். சாம்பல்தீவில் அம்மா சுகமோ, கண்ணில புரை வெட்டியாச்சோ என்று அவர் நிருபனைக் கேட்டார். இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார்.

வாங்குகள் திரும்பிப் போகவில்லை. வெறுமையாகவும் இருக்கவில்லை. மூதூர் வள்ளத்துக்குக் காத்திருப்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி வந்து இருந்தார்கள். ஜெஸீமா என்ற தையற்காரி கடல் தெரியும் யன்னலோரம் இருந்து பொத்தான் தைத்தாள். மட்டக்களப்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இரண்டு இரண்டு பேராகச் சிலர் வந்து, பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவரும் எழும்பிப் போகாததைப் பார்த்துவிட்டு மறு மாதமும் வந்தார்கள். 2025இல் லெம்பேட் சுவாமி வேறு பங்குக்கு மாறிப்போக, இளம் குரு ஒருவர் வந்தார். வந்த அன்றே கோயிலை வெளியால் ஒருமுறை சுற்றி நடந்தார். பிறகு உள்ளே வந்தார்.

"உள்ளுக்கு ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

"வாற ஆக்கள் கூட, சுவாமி" என்றார் இராசதுரை. பிறகு எந்தச் சுவிச் எந்தக் காற்றாடிக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டத் தொடங்கினார்.