கறுப்புத் திரை

துக்கம் விசாரிக்க வந்த மாணிக்கவேல் கூடத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாராதான் பேச்சை எடுத்தாள்.

"தறி ஓடறதா?"

"அத வுடும்மா இப்போ."

"ஓடலையா?"

"திரை கறுப்பாவே நிக்குது. என்னா கோளாறுன்னு தெரியல. முகூர்த்தப் புடவைம்மா, பாதியில கெடக்குது."

பட்டுத்தறியில் பூவேலைக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டை இயக்கும் அந்தக் கணினிப் பெட்டியைத் தாராவும் அவள் கணவன் ஸ்ரீவர்தனும் சேர்ந்துதான் செய்தார்கள். போன மாதம் வாலாஜாபாத் சாலையில் லாரி மோதி ஸ்ரீவர்தன் போய்விட்டான். தாராவுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

மறுநாள் காலை மடிக்கணினியோடு பெரிய காஞ்சிபுரத்தில் மாணிக்கவேலின் தறிக்கூடத்துக்குப் போனாள்.

திரையை இயக்கும் நிரலான டிரைவர், பெட்டியின் மைய மென்பொருளான கெர்னலுக்கு வெளியே, மெமரி கார்டில் தனி மாட்யூலாக இருந்தது. கார்டைப் படித்த பிறகுதான் திரைக்கு உயிர் வரும். கார்டே கெட்டுப்போனால் அதைச் சொல்லக்கூடத் திரை இருக்காது. கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "சேர்த்துட்டா ஒவ்வொரு சின்ன மாத்தத்துக்கும் மொத்த கெர்னலையும் திரும்பக் கட்டணும், தாரா" என்று ஸ்ரீவர்தன் மறுத்துவிடுவான். ஒருமுறை அந்தச் சண்டையில் ராத்திரி முழுக்கப் பேசாமல் இருந்தார்கள்.

அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அந்த வரியில் தனி மாட்யூல் என்று சொல்லும் 'm' இருந்த இடத்தில், உள்ளேயே சேர் என்று சொல்லும் 'y' போட்டாள். மறுப்புச் சொல்ல ஆளில்லை. கெர்னலைத் திரும்பக் கட்டும் கம்பைல் ஓடத் தொடங்கியது. ஜெயித்ததுபோலவும் இல்லை, தோற்றதுபோலவும் இல்லை. வரிகள் மேலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய கெர்னலைப் பெட்டியின் சிப்பில் ஏற்றி ஸ்விட்சைப் போட்டதும் திரையில் எழுத்துகள் வரிசையாக வந்தன. கடைசி வரி, கார்டைப் படிக்க முடியவில்லை என்றது. உருவிப் பார்த்தாள். தகட்டில் பட்டுத்தூசி அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்துச் செருகினாள். ஜக்கார்டு தடதடவென்று இழைகளைத் தூக்கியது.

"அட, ஓடுது!" என்று மாணிக்கவேல் சிரித்தார். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சிரிங்கோ, பரவாயில்லை" என்றவள், திரையின் டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்த்ததைச் சொன்னாள்.

"இத முன்னாலயே உள்ள வெச்சிருக்கலாமேம்மா? தம்பிக்குத் தோணலையா?"

"வெளியில வெச்சதும் சரிதான்" என்றாள் தாரா. "தினம் ஒண்ணை மாத்திண்டே இருந்தார். உள்ளே வெச்சிருந்தா இந்தப் பெட்டியே முடிஞ்சிருக்காது."

அவர் தலையாட்டினார். அவர் மனைவி தேவிப்ரியா காப்பி கொண்டுவந்தாள். தாரா சூடு தெரியாமல் குடித்தாள்.

"திருப்புட்குழில என் மச்சான் வீட்லயும் இதே பெட்டிதான்" என்றார் மாணிக்கவேல் தயங்கி. "முடிஞ்சா..."

"நாளைக்கு வந்துடறோம்" என்றாள் தாரா.

சொன்ன பிறகுதான் அந்த 'றோம்' காதில் விழுந்தது. தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை வாங்கிக்கொண்டாள். தாரா ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.