ரிகோ பொய் சொல்லாத மலை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ரிகோவின் பொய்கள் ஆயிரத்தை எப்போதோ தாண்டியிருக்கும். ஆண்டிகுவாவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. நான் டெல்ஃபினா, அகாதெனாங்கோ மலையில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவள். மேலே கூடாரத்தில் தங்கினால், எதிரே ஃபுவேகோ மலை நெருப்பைக் கக்குவது தெரியும். அதற்காகத்தான் வருகிறார்கள்.

தன்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று ரிகோ என்னிடம் கேட்டிருந்தான். பதில் சொல்வதற்கு முன் ஆளைத் தொழிலில் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் அவன் கூட்டத்தின் பின்னாலேயே கல் பாவிய தெருக்களில் நடந்தேன். நிலநடுக்கத்தில் இடிந்த மடத்தின் சுவர் ஒன்றைக் காட்டி, காதலித்த குற்றத்துக்காக ஒரு கன்னியாஸ்திரியை உயிரோடு வைத்துப் பூசிய இடம் என்றான். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதியம் வந்த கூட்டத்துக்கு அதே சுவருக்குள் ஸ்பானியர் ஒளித்த தங்கம் இருந்தது.

"அந்தச் சுவத்துக்குள்ள என்னதான்டா இருக்கு?" என்று கேட்டேன்.

"செங்கல்லு. செங்கல்லப் பாக்கவா கடல் தாண்டி வர்றாங்க?"

சிரித்துவிட்டேன். பயமும் அங்கேதான் இருந்தது. என் அப்பாவும் சிரிக்க வைக்கிறவர்தான். மெக்சிகோ போய் ஒரே வாரத்தில் வருகிறேன் என்றார். எனக்கு அப்போது பால் பல் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய வாரம் இன்னும் முடியவில்லை.

"என்கூட மலைக்கு வா," என்றேன் ரிகோவிடம். "ஏறி எறங்குற வரைக்கும் வாயில ஒரு பொய் வரக் கூடாது. வந்துச்சுன்னா கல்யாணப் பேச்சையே விட்டுரு."

"அவ்வளவுதானா? சுலபம்," என்றான். அதுவே பொய்தான். கீழே இருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை.

மலையடிவாரத்துச் சோளக்காடு முடிவதற்குள் அவன் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. கூட்டத்திலிருந்த டச்சுக்கார அம்மாள் ஒருவர், முன்பு இந்த மலை ஏறியிருக்கிறாரா என்று ரிகோவிடம் விசாரித்தார்.

"இல்லம்மா. மாடிப்படி ஏறுனாலே எனக்கு இளைக்கும்," என்றான் பரிதாபமாக. நான் மனதுக்குள் பாஸ் போட்டேன்.

பைன் காட்டில் ஓர் ஆள் வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டான். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. கீழிருந்து வேறொரு வழிகாட்டி ஏறி வந்து அவனைக் கூட்டிப் போகும் வரை நான் அங்கேயே நின்றாக வேண்டும். குளிர் ஏறிக்கொண்டிருந்ததால் மற்றவர்களை ரிகோவோடு முன்னால் அனுப்பினேன். "ஒரே தடம்தான். நேரா போ, கூடாரம் வந்துரும்," என்றேன்.

ஒரே தடம் இல்லை. போன வார மழை இன்னொன்றை அறுத்து விட்டிருக்கிறது என்று, பிறகு ஏறி வந்த வழிகாட்டி சொன்னான். புதுத் தடம் சரிவில் போய், மண் இடிந்த பள்ளத்தில் முடிகிறதாம். அதற்குள் மூடுபனி இறங்கி, என் கையே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் வழி கேட்கிறவரிடம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மரியாதை இல்லை. பாவம், நம்பிக் கேட்கிறார், ஏதாவது ஒரு பக்கம் கையை நீட்டிவிட வேண்டும். ஞானஸ்நானத்துக்கு வந்த பாதிரியாரை என் அம்மா இப்படித்தான் மாட்டுச் சந்தைக்கு அனுப்பி வைத்தாள். ரிகோ அந்த மரியாதையை வைத்தே சோறு தின்கிறவன். நிச்சயம் கையை நீட்டியிருப்பான்.

அந்த ஆளை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். கல்யாணமாவது ஒன்றாவது, உயிரோடு இருந்தால் போதும் என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

தடம் பிரியும் இடத்தில் எல்லோரும் பையின்மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். டச்சுக்கார அம்மாள் என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினார்.

"எந்தப் பக்கம்னு கேட்டா தெரியாதுங்கறார். கூட்டிட்டு வந்தவர் பேசுற பேச்சா இது?"

ரிகோ பல் பிடுங்கிக்கொண்டவனைப் போல நின்றான். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"கை தானா கெளம்புச்சு," என்றான். "பிடிச்சு உள்ள போட்டுட்டேன்."

அவன் பக்கத்திலேயே பையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தி சாயும் நேரம் கூடாரத்துக்கு வந்தோம். பனி விலகியது. எதிரே ஃபுவேகோ உறுமி, சிவப்பாகத் துப்பியது. நாங்கள் சோள ரொட்டியும் கறுப்பு பீன்ஸும் தின்றோம்.

"நான் வந்துருவேன்னு நம்பித்தானே உக்காந்திருந்த?" என்று கேட்டேன்.

மென்று விழுங்கினான். "இல்ல. அந்த ஆளோட நீ கீழ எறங்கிட்டேன்னு நெனச்சேன்."

"ஒரு பொண்ணு ஆசையா கேக்குறாடா."

"தெரியுது. மலைல இருக்கோமே."

சுருக்கென்றது. காற்றில் வந்த சாம்பல் முகமெல்லாம் அப்பியிருந்தது. "சரி, பாக்க எப்படி இருக்கேன்?"

"சாம்பலா."

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே எழுந்து போயிருப்பாள். நான் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது வருவேன் என்று தெரியாது என அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் அத்தனை வருஷம் மேசையில் அவருக்கு ஒரு தட்டு எடுத்து வைத்திருக்க மாட்டாள்.

"உன்னக் கட்டிக்கிறேன்," என்றேன்.

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "நெசமாவா சொல்ற?"

"மலைல இருக்கோமே."