கடைசியில் பழுத்த மூர்வேத்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. தென் பிரான்சில் எங்கள் கோர்பியேர் மலைச்சரிவின் சிவப்பு ஒயினுக்கு, புட்டியின் பின்பக்கம் ஒட்ட நாலு வரி எழுதித் தரச் சொன்னாள் பக்கத்துத் தோட்டத்துக் கிஸ்லேன். நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "இது நான்கு திராட்சைகளின் கலவை. கிரனாஷ் சூடும் தித்திப்பும் தரும். கரினான் புளிப்பும் முரட்டுத்தனமும். சிராவில் மிளகு வாசம். மூர்வேத்..." அடித்துவிட்டேன். பாடப்புத்தகம் தோற்றது.

இரண்டாவது: "நாலில் மூன்று ஸ்பெயினிலிருந்து மலை தாண்டி வந்தவை. சிரா மட்டும் ரோன் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து இறங்கி வந்தது. எல்லாம் வந்தேறிகள். இதை எங்கள் மண்ணின் ஒயின் என்று மார்தட்டுகிறோம், போங்கள்!" இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மூர்வேத் வந்த இடத்தில் இதுவும் நின்றுவிட்டது.

2

மூர்வேத் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பழுக்கும். போன அக்டோபரில் கிஸ்லேனின் கணவன் ரெஜிஸ், இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்றான்.

"மழை வருதுடா, பறிச்சுத் தொலை!" என்று கத்தினான் அவன் அண்ணன் எலியான். (எலியானைக் கொஞ்சம் முரடனாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம். அசல் எலியான் இதைவிட மோசம்.)

ரெஜிஸ் கேட்கவில்லை. பொறுத்தான், பழம் கனிந்தது. பறித்து முடித்த அன்று இரவு மழை. மறுநாள் காலை கடைசிச் சுமையோடு அவன் டிராக்டர் அந்த ஈரச் சரிவில்

[இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. ரெஜிஸைப் புதைத்தோம் என்பதோடு விடுகிறேன்.]

3

ஜனவரியில் கலவை பார்த்தோம். நாலு திராட்சையும் தனித்தனித் தொட்டியில் இருக்கும். மாதிரி எடுத்துக் கலந்து, வாயில் வைத்து, துப்பிவிட்டு முடிவு செய்வது வழக்கம்.

"அந்த மூர்வேத் வேணாம். என் தம்பியக் கொன்ன பழம். சாக்கடையில ஊத்து" என்றான் எலியான்.

"அவரு கடைசியா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் ஊத்தச் சொல்றியா?" என்றாள் கிஸ்லேன்.

"அப்ப நாக்கு சொல்லட்டும், புள்ள. எதுல எதுன்னு தெரியாம குடிச்சுப் பாப்போம்."

ஊற்றியது நான். முதல் கோப்பையில் மூர்வேத் இல்லை. இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் தாராளமாக.

எலியான் மூன்றாவதைத் தூக்கிக் காட்டினான். "இதான்! முதுகெலும்போட நிக்குது. மத்தது ரெண்டும் தொளதொளன்னு கெடக்கு. இதுல அந்தச் சனியன் இல்லதான?"

இருக்கிறது என்றேன். எலியான், கவிழ்ந்து கிடந்த பழக்கூடை மேல் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை.

4

முடிவு ஒன்று: தொட்டியைத் திறந்து சாக்கடையில் விட்டார்கள். (பொய். எலியான் ஒரு சொட்டைச் சிந்தவிட மாட்டான்.)

முடிவு இரண்டு: கலந்தார்கள், ஒயின் பரிசு வாங்கியது. (இதை எழுதியதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.)

நடந்தது இவ்வளவுதான். கிஸ்லேன் அந்த மூன்றாவது கோப்பையை வாங்கி, துப்பாமல், முழுக்கக் குடித்தாள்.

"நல்லா இல்லாம இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். "முட்டாள் மனுசா, எதுக்கு நீ ஒரு வாரம் பொறுத்தேன்னு காலம் பூரா திட்டித் தீத்திருப்பேனே. இப்ப அவரு பொறுத்தது சரின்னுல்ல ஆயிடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. சரிதானா?"

எலியான் தலை நிமிரவில்லை. நான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். நீங்களாவது அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள்.